மகள் கட்டும் இத்தாலி வீடு



இம்மாதம் ஒரு சகோதரியின் கடிதத்தை முன்வைத்தே எழுதுகிறேன். ஊரும் பெயரும் வெளிவர வேண்டாம் என்று அவரே கேட்டிருக்கிறார். அவருடைய கணவர் இத்தாலி நாட்டின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரில் தொழில் செய்கிறார். அவர் அனுப்பிய தபாலட்டை ஒன்றில் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக வீடுகள், பச்சை நிற யன்னல்கள், பூவேலை செய்த ஓடுகள். ஒன்பது வயது மகள் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, இதைப் போல ஒரு பொம்மை வீடு வேண்டும் என்று அடம் பிடிக்கிறாளாம்.

சகோதரிக்கு மூன்று கவலைகள். பொம்மை இருக்கும் வீட்டுக்கு மலக்குகள் வரமாட்டார்கள் என்று மாமி தடுக்கிறார். கடையில் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. மூன்றாவது கவலைதான் அவரை எழுதத் தூண்டியது. இப்படி அழகான வீட்டை வைத்து விளையாடிப் பழகினால், தாம் இருக்கும் இரண்டு அறை வாடகை வீட்டை மகள் வெறுத்துவிடுவாளோ என்ற பயம்.

முதற் கவலைக்கு முதலில் பதில் சொல்வோம். உருவங்கள் உள்ள வீட்டைப் பற்றி வந்துள்ள ஹதீஸை மனதில் வைத்தே மாமி சொல்கிறார். அவருடைய பேணுதலைக் குறை கூறக் கூடாது. ஆனால் ஆயிஷா (ரழி) அவர்கள் சிறு பிராயத்தில் பொம்மைகள் வைத்து விளையாடியதும், நபி (ஸல்) அவர்கள் வீட்டுக்குள் வரும்போது வெட்கத்தால் ஒளிந்துகொண்ட தோழிகளை அவர்களே திரும்ப விளையாட அனுப்பி வைத்ததும் புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் பதிவாகியுள்ளன. அபூதாவூதில் வரும் செய்தியில், அந்தப் பொம்மைகளுக்கு நடுவே இரண்டு சிறகுள்ள குதிரை ஒன்று இருந்தது. குதிரைக்குச் சிறகா என்று நபியவர்கள் கேட்க, சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததைக் கேள்விப்படவில்லையா என்று ஆயிஷா (ரழி) பதில் சொல்ல, நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். இவற்றை வைத்தே அறிஞர்களில் பெரும்பாலோர், பிள்ளைகளின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு விலக்களித்தார்கள். வேறு கருத்துக் கொண்டோரும் உள்ளனர். எனவே மாமியின் மனமும் நோகாமல் இருக்க ஒரு வழி உண்டு. வீட்டைக் கட்டுங்கள், தளபாடம் போடுங்கள். ஆட்கள் வேண்டுமென்றால் முகம் வரையாத துணிப் பொம்மை போதும். வீடு, கதிரை, மரம், பூ ஆகியவற்றை அறிஞர்களில் பெரும்பாலோர் அனுமதித்துள்ளனர்.

இரண்டாவது, செலவு. பொம்மை வீட்டின் சரித்திரமே இதற்குப் பாடம் சொல்லும். ஜெர்மனியின் பவேரியாப் பகுதியை ஆண்ட ஐந்தாம் அல்பிரெக்ட் என்ற கோமகன் 1558ஆம் ஆண்டளவில் ஒரு பொம்மை மாளிகை செய்வித்தார். அது அவருடைய அரும்பொருள் கூடத்தில் இருந்தது. 1674இல் நெருப்பில் அழிந்தது. ஒல்லாந்தின் அம்ஸ்டர்டாம் நகரில் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்ற செல்வந்தப் பெண்மணி 1686 முதல் ஏறக்குறைய 1710 வரை ஒரு பொம்மை வீட்டை அலங்கரித்தார். அதற்கு அவர் கொட்டிய பணத்தில் அந்நகரின் வாய்க்கால் கரையில் ஓர் உண்மையான வீடே வாங்கியிருக்கலாம் என்பார்கள். இன்றும் ரைக்ஸ் அரும்பொருளகத்தில் அது இருக்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் எந்தப் பிள்ளையும் கை வைத்து விளையாடுவதற்காக அது செய்யப்படவில்லை.

இதற்கு மாறாக, ஜெர்மனியின் நியூரம்பேர்க் நகரில் அன்னா கோஃபர்லின் என்ற பெண் 1631இல் ஒரு பெரிய பொம்மை வீட்டை அமைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினார். எந்தப் பாத்திரம் எங்கே இருக்க வேண்டும், ஒரு வீடு எப்படி ஒழுங்காக நடக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதே அவருடைய நோக்கம். ஒன்று பெருமைக்கு, மற்றது படிப்புக்கு. சகோதரி, நீங்கள் இரண்டாவதைச் செய்யுங்கள். அதற்குக் கடையும் வேண்டாம், காசும் அதிகம் வேண்டாம்.

இனி சிசிலிக்குப் போவோம். அந்தத் தபாலட்டையின் நிறங்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. ஹிஜ்ரி 212இல், அதாவது கி.பி. 827இல், வட ஆபிரிக்காவிலிருந்து சென்ற முஸ்லிம்கள் சிசிலியில் கால் வைத்தார்கள். 1091இல் கடைசி ஊரும் நோர்மன்களின் கைக்குப் போகும் வரை அவர்களின் ஆட்சி அங்கே ஏதோ ஒரு பகுதியில் நீடித்தது. எலுமிச்சையையும் கசப்புத் தோடையையும் அங்கே கொண்டுபோய் நட்டவர்கள் அவர்களே. தோடம்பூவுக்கு அங்குள்ள மக்கள் இன்றும் 'ஸாகரா' என்கிறார்கள். அரபியில் பூவுக்கு 'ஸஹ்ர்' என்று சொல்வதை மதரஸாவில் ஓதிய பிள்ளையும் அறியும்.

வீட்டுச் சாமான்களின் பெயரைப் பாருங்கள். இத்தாலிய மொழியில் மெத்தைக்கு 'மத்தெராஸ்ஸோ' என்பார்கள். அரபியில் 'மத்ரஹ்' என்றால் எதையேனும் விரித்துப் போடும் இடம். கோப்பைக்கு 'தாத்ஸா', அரபியில் 'தாஸா'. பெரிய சாடிக்கு 'ஜாரா', அரபியில் 'ஜர்ரா'. யன்னலுக்கு வெளியே உள்ள பலகைக் கதவுகளுக்கு 'பெர்சியானே', அதாவது பாரசீகத்தவை. நம்முடைய வீட்டு அலுமாரி போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். அதன் உடன்பிறப்பான 'ஆர்மாதியோ'தான் இத்தாலியில் உடுப்பு அலுமாரி. மகள் ஒவ்வொரு சாமானாகச் செய்யும்போது இந்தச் சொற்களையும் சொல்லிக் கொடுங்கள்.

பூவேலை ஓடுகளின் கதை இன்னும் இனியது. அப்பாஸிய கிலாபத்தின் காலத்தில், கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், சீனத்து வெள்ளைப் பீங்கான்கள் ஈராக்குக்கு வந்தன. அவ்வளவு வெள்ளை மண் அங்கே இல்லை. ஈராக்கின் குயவர்கள் யோசித்து, மட்பாண்டத்தின் மெருகுப் பூச்சில் வெள்ளீயத்தின் சாம்பலைக் கலந்தார்கள். சூளையிலிருந்து எடுத்தபோது மண்ணின் நிறம் மறைந்து பால்வெள்ளை மேனி வந்தது. அதன்மேல் நீல நிறத்தால் பூ வரைந்தார்கள். இந்தத் தொழில் அந்தலூஸ் எனப்பட்ட ஸ்பெயினுக்குப் போய், அங்கிருந்து மயோர்க்காத் தீவின் வியாபாரத்தோடு இத்தாலிக்கு வந்தது. அதனால்தான் அதற்கு 'மயோலிக்கா' என்று பெயர் வந்ததாகப் பெரும்பாலோர் கூறுவர். சிசிலியின் கல்தஜிரோனே நகரில் 142 படிகள் கொண்ட பெரிய படிக்கட்டு ஒன்று உண்டு. 1606இல் கட்டப்பட்ட அதன் படிகளின் முகப்பில் 1954இல் இவ்வகை ஓடுகளைப் பதித்தார்கள். அவ்வூரின் பெயரில் உள்ள 'கல்த' என்பதும் கோட்டையைக் குறிக்கும் 'கல்அத்' என்ற அரபுச் சொல்லே.

இப்போது கத்தரிக்கோலும் அடிமட்டமும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் அளவு. உலகெங்கும் பொம்மை வீடு செய்வோர் பெரும்பாலும் பன்னிரண்டில் ஒரு பங்கு என்ற கணக்கையே பிடிக்கிறார்கள். ஓர் அடிக்கு ஓர் அங்குலம். பத்து அடி அறை பத்து அங்குலப் பெட்டியாகும். கதிரையின் இருக்கை தரையிலிருந்து ஒன்றரை அங்குலம், மேசை இரண்டரை அங்குலம், கட்டிலின் நீளம் ஆறரை அங்குலம். உங்கள் வீட்டுத் தளபாடங்களை மகளையே அளக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டால் பிரிக்கத் தானாகப் பழகிவிடுவாள்.

ஒரே அளவான நான்கு மட்டைப் பெட்டிகளை, இரண்டின்மேல் இரண்டாக வைத்து ஒட்டினால் வீடு. முன்பக்கம் திறந்தே இருக்கட்டும்.

வெளிச்சுவருக்கு இத்தாலியர் பூசுவது மண்ணின் நிறம். இரும்புச் சத்துள்ள மண் மஞ்சளாக இருக்கும், அதைச் சுட்டால் சிவக்கும். மஞ்சள் நிறத்தில் சிறிது சிவப்பும் துளி மண்ணிறமும் கலந்து, தூரிகையால் பூசாமல் பழந்துணியால் ஒற்றி ஒற்றித் தடவுங்கள். ஓரிடம் கடுமையாகவும் ஓரிடம் வெளிறியும் வரும். வெயிலும் மழையும் கண்ட சுண்ணாம்புச் சுவர் அப்படித்தான் இருக்கும். யன்னற் பலகைகளுக்கு ஐஸ்பழக் குச்சிகளை வெட்டி, பச்சை பூசி, இரு பக்கமும் ஒட்டலாம். கூரைக்கு, நெளிமட்டையின் மேற்கடதாசியை ஈரத்துணியால் நனைத்து உரித்தால் உள்ளே வரி வரியாக நெளிவு தெரியும். அதற்குச் செங்கல் நிறம் பூசினால் ஓட்டுக் கூரை தயார்.

ஓடுகளைச் சமையலறைச் சுவருக்கு வையுங்கள். வெள்ளை மட்டையில் அரை அங்குலச் சதுரங்கள் கீறுங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு மூலையில் மட்டும் கால் வட்டம் ஒன்றை நீலத்தால் வரையச் சொல்லுங்கள். பின் சதுரங்களைத் தனித்தனியே வெட்டி, வட்டமுள்ள மூலைகள் ஒன்றையொன்று தொடும்படி நான்கு நான்காக ஒட்டினால், முழு வட்டம் பூத்துவிடும். பள்ளிவாசல்களின் ஓட்டு வேலைகளிலும் இதுபோன்ற கணக்கு இருக்கிறது. காய்ந்ததும் வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து மேலே மெல்லப் பூசினால் மெருகு வரும். நீலம், மஞ்சள், செப்புப் பச்சை, இந்த மூன்றுக்கு மேல் ஓட்டில் சேர்க்க வேண்டாம். நிறம் கூடினால் கண் கூசும்.

தளபாடத்துக்கு வீட்டில் கழிப்பவையே போதும். ஆறு நெருப்புப்பெட்டிகளை அடுக்கி ஒட்டினால் லாச்சிகள் உள்ள அலுமாரி. யோகட் கோப்பையோடு வரும் மரக்கரண்டிகளால் கதிரையின் சாய்மனை. பற்பசை மூடி பூச்சாடி. முட்டைக்கோதைக் கழுவிக் காயவைத்து, நொறுக்கி, பசை பூசிய மட்டையில் பதித்தால் வெனிஸ் நகரத்தவர் பளிங்குச் சில்லுகளால் போட்ட தரையைப் போல இருக்கும். பாணின் வெள்ளைப் பகுதியை வெள்ளைப் பசையோடு பிசைந்தால் களிமண் போலாகும். அதில் கால் அங்குல எலுமிச்சைகள் உருட்டி மஞ்சள் பூசிக் கூடையில் வையுங்கள். சிசிலியின் மாடங்களில் மனிதத் தலை வடிவப் பூச்சாடிகளும் வைப்பார்கள். நமக்கு அது வேண்டாம், சாதாரணச் சாடியே அழகு.

ஓர் எச்சரிக்கை. பழைய எண்ணெய்ப் பெயின்ட்டில் ஈயம் கலந்திருக்கக்கூடும். பிள்ளைகளின் தண்ணீர் நிறங்களையே பாவியுங்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் மணிகளும் சிறு உருண்டைகளும் அதன் கைக்கு எட்டக் கூடாது.

கடைசிக் கவலைக்கு வருகிறேன். மகள் உங்கள் வீட்டை வெறுப்பாள் என்று நினைக்கிறீர்கள். சகோதரி, அவள் கேட்பது அழகான வீட்டை அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. அவள் கேட்பது வாப்பா இருக்கும் இடத்தை. அங்கே வாப்பா எந்த அறையில் உறங்குகிறார், எந்த யன்னலால் வெளியே பார்க்கிறார் என்பது அவளுக்குத் தெரியாது. தெரியாத இடத்தைக் கையால் செய்து பார்க்க விரும்புகிறாள்.

ஆகவே அடுத்த முறை அவர் தொலைபேசியில் பேசும்போது, சாப்பிட்டீர்களா, உடம்புக்கு எப்படி என்பதோடு நிறுத்த வேண்டாம். போனை மகளிடம் கொடுங்கள். உங்கள் அறைக் கதவு என்ன நிறம், தரையில் என்ன ஓடு, மேசை எங்கே இருக்கிறது என்று அவள் கேட்கட்டும். அவரும் தம் அறையை மகளின் கண்ணால் ஒரு முறை பார்த்துச் சொல்லுவார். கூலி வேலைக்குப் போனவரின் அறை தபாலட்டை போல இருக்காது. நான்கு பேர் பகிரும் அறையாகவும் இருக்கலாம். அதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். நமக்கு வரும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒன்பது வயதுப் பிள்ளை அறிவது நல்லதே.

நான்கு அறைகளில் ஒன்றை வாப்பாவின் அறையாக அவர் சொன்னபடியே செய்யட்டும். இன்னொன்றை நீங்கள் இப்போது இருக்கும் வீட்டைப் போலச் செய்யச் சொல்லுங்கள். உங்கள் பாய், உங்கள் மேசை, மாமியின் சாய்மனைக் கதிரை, எல்லாம் அளந்து. தன் கையால் செய்த ஒன்றைப் பிள்ளை வெறுக்காது. மாமியின் பழைய சீலையில் ஒரு துண்டு கேட்டு யன்னற் சேலை தைக்கச் சொல்லுங்கள். மாமியும் தம் பங்குக்கு ஊசி எடுத்துக்கொள்வார், பாருங்கள்.

முடிந்தபின் அதைக் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள். உடையட்டும், ஒட்டட்டும், மறுபடி நிறம் பூசட்டும்.

தூர தேசங்களில் உழைக்கும் நம் வீட்டு ஆண்களை அல்லாஹ் ஆரோக்கியத்தோடு திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பானாக. ஆமீன்.