தில்லைக்காட்டுக்கு வழி தெரிந்தவர் யார்?

"கைடு மட்டும் கொஞ்சம் நீட்டா இருக்கணும் சார். அந்த இருளப் பசங்களை ஏத்திக்கிட்டுப் போனா நல்லா இருக்காது. லேடீஸ் வர்றாங்க."

இதைச் சொன்னவர் கொடியவர் அல்ல. பறவைகள் மேல் பிரியம் உள்ளவர். கழுத்தில் பைனாகுலர் மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் காப்பித் தோட்டங்களுக்குள் திரிகிறவர். ஒரு குருவியின் கூட்டைக் கலைத்தால் பொறுக்க மாட்டார். அப்படிப்பட்டவர் வாயில் இருந்துதான் வந்தது.

ஏற்காட்டு மலையில் நான் எழுத்தராக இருக்கும் வங்கிக் கிளையில் டிசம்பர் மாதம் பிச்சாவரம் போவதாக முடிவு. படகில் சதுப்புநிலக் காட்டுக்குள் போய்ப் பறவை, நீர்நாய் எல்லாம் பார்ப்பது. திட்டம் போடும் வேலை என் தலையில். "நீங்க சிதம்பரம் பக்கந்தானே" என்றார்கள். ஆமாம், சிதம்பரம் பக்கந்தான். எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும் அவர்களுக்கு.

திட்டம் போட்டேன். இரண்டாம் சனிக்கிழமை காலையில் கொட்டச்சேட்டில் இருந்து வேன். குப்பனூர் இறங்கி அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம், விருத்தாசலம் வழியாகச் சிதம்பரம். ராத்தங்கல். ஞாயிறு விடியலில் கிள்ளை வழியாகப் பிச்சாவரம். வெயில் ஏறுவதற்குள் தண்ணீரில் இறங்கிவிட வேண்டும். மோட்டார் படகு வேண்டாம், சத்தத்தில் பறவை பறந்துவிடும், குறுகலான ஓடைக்குள்ளும் நுழையாது. துடுப்புப் படகுதான் சரி. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் போனால் சேற்றுத் திட்டுகள் வெளியே தெரியும். உள்ளானும் கொக்கும் நாரையும் அங்கேதான் இரை எடுக்கும். ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த சின்ன நண்டுகளும் சேற்றில் தாவும் மீன்களும் அப்போதுதான் கண்ணில் படும். எல்லாம் எழுதினேன். கடைசியில் வழிகாட்டி என்ற வரி வந்தபோதுதான் மேலே சொன்ன வாசகம் வந்தது.

நான் பதில் சொல்லவில்லை. சிரித்து மழுப்பினேன். வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் இல்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

தோழர்களே, சதுப்புநிலக் காட்டுக்கு அழைத்துப் போகிறவர் வழிகாட்டி என்றால் வழி தெரிந்தவர் யார்? பிச்சாவரம் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கிடக்கும் காடு. ஏறக்குறைய ஆயிரத்து நூறு ஹெக்டேர். சுரபுன்னையும் வெண்கண்டலும் வேரைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். ஓடை பிரிந்து ஓடை, அதற்குள் இன்னொரு ஓடை. 1975இல் 'இதயக்கனி' படத்தில் எம்.ஜி.ஆர். வந்து போன இடம், 2008இல் 'தசாவதாரம்' எடுத்த இடம் என்றுதான் நம் ஆட்களுக்கு இதைத் தெரியும். 2022இல் ராம்சர் பட்டியலிலும் ஏறிவிட்டது. உலக அந்தஸ்து. ஆனால் அந்த ஓடைகளில் எந்த வளைவில் சேறு ஆளை இழுக்கும், எந்த வேரடியில் இறால் ஒதுங்கும், தண்ணீரின் நிறம் எப்போது மாறும் என்று யாருக்குத் தெரியும்?

இருளருக்குத் தெரியும். கழுத்தளவு தண்ணீரில் ஆணும் பெண்ணுமாக இறங்கி, வெறுங்கையால் சேற்றைத் தடவித் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிறவர்கள் அவர்கள். ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் அடியில் ஓட்டுவார்கள். விரல் நுனிதான் கண். உங்கள் பைனாகுலருக்கு எட்டாத காடு அந்த விரலுக்கு எட்டும். சேறு படாமல் அந்தக் காட்டை எவனும் தெரிந்துகொண்டதில்லை. 'நீட்டா' இருக்கிறவனுக்குக் காடு தெரியாது. காடு தெரிந்தவன் 'நீட்டா' இருக்க முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

இப்போது படகு ஓட்டுகிறவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. அவர்களும் கூலிக்கு உழைக்கிறவர்கள். என் கேள்வி வேறு. காடு பற்றிய அறிவு யாரிடம் இருக்கிறதோ, அவரை அறிவாளி என்று சொல்ல உங்கள் நாக்கு ஏன் மறுக்கிறது?

அமெரிக்காவுக்கு மறுக்கவில்லையே! புளோரிடாவின் சதுப்பு நிலங்களில் பர்மிய மலைப்பாம்பு பெருகிப்போய், அங்கிருந்த முயலையும் ரக்கூனையும் விழுங்கித் தீர்த்தபோது, 2017இல் அவர்கள் தேடி வந்தது யாரை? செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும். பல்கலைக்கழகம் அழைத்து, விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனது. மோப்ப நாயும் கருவியும் திணறிய இடத்தில் போன சில நாட்களிலேயே பத்துக்கு மேற்பட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தது. புளோரிடாவில் நிபுணர், டில்லியில் பத்மஸ்ரீ, நம் படகில் ஏறினால் மட்டும் அசிங்கம்.

இன்னொரு பொய்யையும் உடைக்க வேண்டியிருக்கிறது. 'ஜனங்களை உள்ளே விட்டா காடு அழிஞ்சிடும்' என்று படித்தவர்கள் சொல்லும் பொய். பிச்சாவரம் காட்டின் பெரும்பகுதி எப்படி மொட்டையானது? வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கி 1970கள் வரை, வனத்துறையே காட்டைக் கூறு போட்டு, முறை வைத்து, அடியோடு வெட்டி விற்றது. வெட்டிய இடத்தில் மண் வெயிலில் காய்ந்து தணிந்து தொட்டிபோல் ஆனது. ஏறிய கடல்நீர் இறங்க வழியில்லாமல் தேங்கி, வற்றி, உப்புப் பூத்து, செடி முளைக்காமல் போனது. பழியோ ஆடு மாடு மேய்த்தவன் மேல், விறகு பொறுக்கியவள் மேல். 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த நிலத்தை ஆராய்ந்து உண்மைக் காரணத்தைச் சொன்னது. மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் வந்து போக வழி செய்தார்கள். காடு திரும்ப முளைத்தது. வாய்க்கால் வெட்டியதிலும் கன்று நட்டதிலும் உள்ளூர் ஜனங்களின் கை இருந்தது. வெட்டியது அரசு, சுமந்தது பழி மட்டும் சனம்.

2004 டிசம்பர் 26 வந்தது. எனக்கு அப்போது பள்ளிக்கூட வயது. அலை வந்த அன்று காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகள் பெரிய சேதமின்றித் தப்பின. திறந்த கடலைப் பார்த்துக் கிடந்த எம்.ஜி.ஆர். திட்டு போன்ற ஊர்களில் பிணம் விழுந்தது. மரம் காத்தது என்று உலகத்துப் பத்திரிகை எல்லாம் எழுதியது. அந்த மரத்தோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் பெயரை எவ்வளவு பேர் எழுதினார்கள்?

காட்டைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி மனிதரை அழித்த சரித்திரம் நமக்குப் புதிதல்ல. வங்காளத்துச் சுந்தரவனத்திலும் இதே சதுப்புநிலக் காடுதான். தண்டகாரண்ய முகாம்களில் வதைபட்ட நாமசூத்திர அகதிகள் 1978இல் அங்கே மரிச்ஜாப்பித் தீவில் குடியேறினார்கள். தலித்துகள். தங்கள் கையாலேயே பள்ளிக்கூடமும் கிணறும் கட்டிக்கொண்டார்கள். பாதுகாக்கப்பட்ட காடு இது, வெளியேறு என்றது இடதுசாரி அரசு. 1979 ஜனவரியில் தீவைச் சுற்றிப் போலீஸ் படகு. சோறும் தண்ணீரும் மருந்தும் போகாமல் தடுத்தார்கள். மே மாதம் குடிசைகளைக் கொளுத்தி விரட்டினார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கு இன்றும் தீரவில்லை. இன்று அந்தத் தண்ணீரில் புலி பார்க்கப் படகு போகிறது.

அவ்வளவு தூரம் ஏன்? கொட்டச்சேட்டுக்கு வடக்கே, அரூர்ப் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து நுழைந்து, மலையாளிப் பழங்குடி ஊரைச் சூறையாடி, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். 2011இல் தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. காட்டைக் காக்கும் அதே சீருடைதான் அன்று ஊருக்குள் வந்தது.

இங்கே கொட்டச்சேட்டிலும் கதை வேறில்லை. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்ததில் இருந்து மலை தோட்டமானது; மலைக்காரர் கூலியானார்கள். கோடை விழா நாளில் கூட்டம் பெருத்தால் வண்டிகளைக் குப்பனூர்ச் சாலையில் திருப்பி விடுகிறார்கள். கார் கண்ணாடி இறங்கும். தலைச்சுமையோடு நடக்கும் மலையாளிப் பெண்ணைப் படம் பிடிப்பார்கள். பேர் கேட்க மாட்டார்கள். படத்தில் விழுகிறவர் கோபம் என்னவென்று தினமும் பார்க்கிற நாம், இப்போது வேன் ஏறிப் போய் இன்னொருத்தரைப் படம் பிடிக்கப் போகிறோம்.

'நாம்' என்று சொன்னேன். அதில் நானும் இருக்கிறேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்.

எங்கள் சேரியிலும் இருளரைத் தள்ளித்தான் வைத்திருந்தோம். எங்கள் தெருக் குழாயில் அவர்கள் குடம் வைத்தால் என் ஆயா கத்தும். "எலி திங்கறவளே, அந்தாண்ட போடி." இறால் வாங்குவோம், காசைக் கையில் கொடுக்க மாட்டோம், தரையில் வைப்போம். எங்களுக்கு ஊர்த்தெருவில் எது நடந்ததோ, அதையே திருப்பி அவர்களுக்குச் செய்தோம். அம்பேத்கர் படிநிலை ஏற்றத்தாழ்வு என்று சொன்னதைக் கல்லூரியில் படித்தபோது எனக்கு ஊர்த்தெரு ஞாபகம் வரவில்லை. குழாயடிதான் ஞாபகம் வந்தது. மேலே மிதிப்பவனைப் பற்றி மட்டும் கவிதை எழுதிக்கொண்டிருந்தவன் நான். என் காலடியில் இருந்தவளைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. அன்று கூட்டத்தில் நான் மழுப்பியதற்கு வேலை பயம் பாதிக் காரணம். மீதிப் பாதி அந்தக் குழாயடி.

இதில் ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்ததே தில்லை மரத்தால். அதுவும் சதுப்புநிலத்து மரந்தான். சிதம்பரத்தைச் சுற்றி இன்று தில்லைக்காடு இல்லை. மரத்தைப் பார்க்கப் பிச்சாவரத்துக்குத்தான் போக வேண்டும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்பார்கள். அந்தத் தில்லைக்குப் போக முதன்முதலில் திட்டம் போட்ட நம் ஆள் நந்தன். நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிச் சொல்லி அதுவே அவன் பேராகிப் போனது. கடைசியில் போனான். தீயில் இறங்கினால்தான் உள்ளே வரலாம் என்று சொல்லி எரித்தார்கள். அதற்குப் பேர் பக்தி. 'நீட்டா இருக்கணும்' என்பதற்கும் தீயில் குளித்துவிட்டு வா என்பதற்கும் என்ன வித்தியாசம்? அந்த நந்தன் வம்சம் என்று மார் தட்டுகிற நானே இன்னொருத்தனுக்கு நாளை, நாளை என்று சொல்லலாமா?

ஆகவே, போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போவோம். பறவையைப் பார்ப்போம், நீர்நாய் கண்ணில் பட்டால் சந்தோஷப்படுவோம். அழகு யாருக்கும் பட்டா போட்டதல்ல. ஆனால் திட்டத்தை மாற்றி எழுதியிருக்கிறேன். வழிகாட்டியாக ஓர் இருளப் பெண்ணும் ஓர் இருள ஆணும் நம் படகில், நம் பக்கத்தில் உட்கார்ந்து வருவார்கள். படிகட்டில் அல்ல, முனையில் தொங்கிக்கொண்டு அல்ல. அவர்கள் சொல்வதை நாம் கேட்போம். கூலி முன்கூட்டியே பேசி, கையில் கொடுப்போம். கேட்காமல் ஒரு படமும் எடுக்க மாட்டோம். மதியம் ஒரே பந்தியில் சாப்பாடு.

இது எங்கள் வேனுக்கு. அரசாங்கத்துக்குக் கேட்பது வேறு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மூன்றாம் பிரிவில் மீனுக்கும் நீர்நிலைப் பொருளுக்கும் சமூக உரிமை உண்டு என்று சொல்கிறது. பிச்சாவரத்து இருளருக்கு அந்த உரிமையை எழுத்தில் கொடு. படகுத்துறை வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு கொடு. பழங்குடிச் சான்றிதழுக்காக ஒரு பிள்ளையையும் தாலுகா ஆபீஸ் வாசலில் காய விடாதே. இதற்காகத்தான் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் திண்டிவனத்தில் இருந்து வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். நம் இயக்கங்களின் தீர்மானங்களில் இது எத்தனாவது வரியில் இருக்கிறது என்று நாமும் பார்த்துக்கொள்வோம்.

திங்கட்கிழமை இந்தத் திட்டத்தைக் கிளையில் வைக்கப் போகிறேன். "இது டூரா, போராட்டமா?" என்று கேட்பார்கள். என் பேரை அடித்துவிட்டு வேறொருத்தரைப் போடலாம். போடட்டும். நான் பஸ் ஏறிப் போய்க்கொள்கிறேன். குழாயடியில் என் ஆயா விரட்டிய அக்கா இன்றும் அந்த ஓடையில்தான் இறங்குகிறாள் என்று ஊரில் சொல்கிறார்கள். வழி அவளுக்குத் தெரியும். என்னைப் படகில் ஏற்றிக்கொள்வாளா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும்.