உறங்கும் கருவியை எழுப்புவது யார்?

சிக்கனம் என்றதும் செலவைக் குறைப்பது ஒன்றே நம் நினைவுக்கு வருகிறது. வேலை நடவாத நேரத்தில் வீணாவதைத் தடுப்பதே அதன் பெரும்பகுதி என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம். மண்ணின் ஈரத்தையும் வெப்பத்தையும் அளந்து பதிவு செய்ய வயல்களில் இன்று வைக்கப்படும் சிறு மின்கருவிகள் இவ்வுண்மைக்கு நல்ல சான்றாகும்.

இக்கருவிகளை நடத்துவது மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சில்லு. மணிக்கு ஒரு முறை அளந்து எழுத அதற்கு இரண்டு விநாடி போதும். எஞ்சிய 3,598 விநாடியும் விழித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. விழித்திருக்கும் கருவி 10 மில்லி ஆம்பியர் மின்சாரம் வாங்குவதாகக் கொள்வோம். 2,000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட பாட்டரி 200 மணி நேரத்தில், அதாவது ஒன்பதாம் நாளில், தீர்ந்துபோகும். அக்கருவியே உறங்கியும் விழித்தும் சராசரி 0.1 மில்லி ஆம்பியரில் நின்றால், கணக்கின்படி 20,000 மணி நேரம், அதாவது இரண்டு ஆண்டுக்கு மேல் ஓடும்.

ஆயின், உறங்குவதைக் குறித்த நேரத்தில் எழுப்ப ஒன்று வேண்டுமே! பரவலாக வழங்கும் ஏடிமெகா328பி சில்லுக்குள்ளேயே வாட்ச்டாக் என்னும் காவற்கடிகாரம் உண்டு. எனினும் அது ஒரே மூச்சில் ஏறத்தாழ 8 விநாடிக்கு மேல் காத்திராது. ஒரு மணி நேரத்தைக் கடக்கச் சில்லு 450 முறை எழுந்து, எண்ணி, மீண்டும் உறங்க வேண்டும். அன்றியும் வெப்பத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் தக்கவாறு அதன் ஓட்டம் மாறும். நூற்றுக்கு ஐந்து பங்கு பிசகினால் நாளொன்றுக்கு 72 நிமிஷம் தவறிவிடும். காலை ஆறு மணி ஈரம் என்று எழுதப்பட்டது மறுநாளே ஏழு மணி ஈரமாகிவிடும். இரு வயல்களின் பதிவுகளை ஒப்பிட வழி இராது.

ஆகவே எழுப்பும் பொறுப்பைத் தனியான நிகழ்நேரக் கடிகாரச் சில்லிடம் ஒப்படைப்பதே தக்கது என்பது நமது அபிப்பிராயம். டிஎஸ்3231 என்பதை உதாரணமாகக் கொள்வோம். விநாடிக்கு 32,768 முறை அதிரும் படிகம் அதனுள் உள்ளது. அவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒன்று கிடைக்கும். தன் வெப்பத்தைத் தானே அளந்து திருத்திக்கொள்வதால், 0 முதல் 40 பாகை வரை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிஷத்துக்கு மேல் அது பிசகாது. தனக்கென ஒரு சிறு பாட்டரி இருப்பதால், பெரிய பாட்டரியை மாற்றும்போதும் காலத்தை மறவாது. அதில் இரண்டு அலாரங்கள் உண்டு. குறித்த நேரம் வந்ததும், உயர்நிலையில் இருக்கும் ஒரு கம்பியை அது தாழ்நிலைக்கு இறக்கும். அவ்வறிகுறியால் மைக்ரோகண்ட்ரோலர் விழித்துக்கொள்ளும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. விழித்த சில்லு, கடிகாரத்தில் எழுந்து நிற்கும் அலாரக் குறியை அழித்து, அடுத்த நேரத்தைக் குறித்த பின்னரே உறங்கச் செல்ல வேண்டும். குறியை அழிக்காவிடில் கம்பி தாழ்ந்தே நிற்கும். தாழ்நிலையைக் கண்டு விழிக்குமாறு அமைத்த கருவி உறங்கவே மாட்டாது. தாழும் கணத்தைக் கண்டு விழிக்குமாறு அமைத்தது அதன்பின் எழவே மாட்டாது. முன்னதில் பாட்டரி நஷ்டம். பின்னதில் பதிவு நஷ்டம்.

கடிகாரத்துக்குத் தனிச் செலவு எதற்கு என்று கேட்போர் உண்டு. நேரம் சற்று முன்பின்னாக இருந்தாலும் கெடுதல் இல்லாத வேலைக்கு வாட்ச்டாக்கே போதும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். பதிவை நம்பி நீர் பாய்ச்சும் குடியானவருக்கு அது போதாது. கடுங்கோடையில் பத்து நாட்களின் பதிவு அற்றுப்போனால், அந்நாட்களை எவ்விலை கொடுத்தும் திரும்பப் பெற முடியாது.

வேறு சிலர் கடிகாரத்தை வாங்கிவிட்டு, பலகையில் ஓயாமல் எரியும் குறிவிளக்கைக் கவனியாது விடுகின்றனர். அவ்விளக்கு 2 மில்லி ஆம்பியர் வாங்குமாயின், மேற்கூறிய பாட்டரி 1,000 மணி நேரத்தில், அதாவது ஆறு வாரத்துக்குள், ஒழிந்துவிடும். சில்லு உறங்கியதன் பலன் எங்கே?

கூட்டாகப் பணம் போட்டுக் கருவி வாங்குவோர் விலைப்பட்டியலை மட்டும் பார்த்துத் தீர்மானிக்கலாகாது. வேலையில்லாத நேரத்தில் முழுக் கருவியும் எவ்வளவு மின்சாரம் வாங்குகிறது? அதை எழுப்புவது எது? எழுந்தபின் அலாரக் குறி அழிக்கப்படுகிறதா? இம்மூன்று கேள்விகளுக்கும் விற்பவர் விடை கூறட்டும். முதல் விடையை அளவுமானி கொண்டு நம் கண்முன் காட்டட்டும். அதன் பின்னரே பணம் கைமாறுவது முறையாகும்.