கன்றுக்கே முதல் பங்கு

பசு ஈன்ற வீட்டில் சீம்பால் காய்ச்சி அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்பது நம்மவர் வழக்கம். வெல்லமும் ஏலக்காயும் சேர்ந்த அந்த ருசியை யாரும் குறை கூற மாட்டார்கள். ஆனால் அது யாருடைய பங்கு என்பதைச் சிந்திக்க வேண்டும்.

மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சக்தி கருவிலேயே ஓரளவு கிடைத்துவிடுகிறது. கன்றுக்கு அப்படியில்லை, சீம்பால்தான் அதைத் தர வேண்டும். கன்றின் குடல் அந்தச் சக்தியை அப்படியே ஏற்பதும் முதல் 24 மணி நேரம் மட்டுமே. நேரம் போகப் போக அது குறைந்துவிடும். எனவே பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் புகட்ட வேண்டும். முதல் நாளில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்காவது அவசியம். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். இது கிடைக்காத கன்றைத்தான் கழிச்சல் எளிதில் பிடிக்கிறது.

ஈ.கோலை, ரோட்டா வைரஸ் போன்ற கிருமிகளே பெரும்பாலும் காரணம். இடவப்பாதி மழையில் ஈரம் காயாத தொழுவம் அவற்றுக்கு வசதி. வாளியில் வைத்து அவசரமாகக் குடிக்க விடுவதும் கெடுதல். காம்பில் சப்பும்போது பால் நேரே நான்காம் வயிற்றுக்குப் போகும். அந்த வழி சரியாக மூடாவிட்டால் முதல் வயிற்றில் தங்கிப் புளித்துவிடும்; கன்று சோர்ந்து, வயிறு உப்பி நிற்கும்.

கழிச்சல் கண்டதும் பாலோடு தண்ணீரையும் நிறுத்திவிடுகிறார்கள் சிலர். இது பெரும் தவறு. கன்றைக் கொல்வது பெரும்பாலும் உடலிலிருந்து நீரும் உப்பும் வற்றிப்போவதுதான். 1971-ல் பங்களாதேஷ் அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் புகட்டியே பல உயிர்களைக் காத்தார். கன்றுக்கும் அதே தத்துவம்தான். பாலைச் சிறுகச் சிறுகக் கொடுத்து, இடையிடையே உப்பு சர்க்கரைக் கரைசலைப் புகட்ட வேண்டும். கண் குழிந்து, எழ முடியாமல் படுத்துவிட்டால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

மூணாறை அடுத்த மாட்டுப்பட்டியில் 1963-ல் தொடங்கிய இந்திய-சுவிஸ் திட்டம் கேரளத்துக்குச் சுனந்தினி என்னும் கலப்பினப் பசுவைத் தந்தது. இத்தகைய கறவை மாட்டின் சீம்பால் கன்று குடித்த பிறகும் மிஞ்சும். மிஞ்சியதைத் தாராளமாகக் காய்ச்சலாம்.

கடன் வாங்கி மாடு பிடித்தவருக்கு இன்றைய கிடேரிக் கன்றுதான் நாளைய கறவை. ஒரு கிண்ணம் இனிப்புக்காக அதை இழப்பது நஷ்டக் கணக்கு. கன்றுக்குக் கொடுத்த பிறகே அடுப்பைப் பற்ற வைப்போம்.