ஜாக்கெட்டில் ஊசி வேண்டாம்!

போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) கிளைக்கு மாற்றலாகி வந்தபின் என் சம்பளத்தைத் தின்பது ஸ்கூபாதான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிசிடி ஜாக்கெட், அதாங்க, தண்ணிக்குள்ள மிதப்பைக் கூட்டிக் குறைக்கிற சட்டை, தங்கமணிக்குத் தொளதொள. காற்று ஏற்றினால் சிலிண்டரோடு மேலேறி காதை இடிக்கும்.

"ரெண்டு இஞ்ச் பிடிச்சுத் தைச்சுடலாங்க"ன்னாங்க. அங்கதான் சண்டை. பேருதான் ஜாக்கெட், உள்ளே இருப்பது காற்றுப்பை மக்களே! ஊசி ஓட்டை ஒன்று போதும், காற்று நிற்காது.

கடைசியில் கால்களுக்கு நடுவே ஒரு பட்டை கொடுத்து முன்னும் பின்னும் மாட்டினோம். ஏறுவது நின்றது. ஆனா அந்தப் பட்டை வெயிட் பெல்ட்டுக்கு அடியில்தான் போகணும். மேலே போனால், அவசரத்துக்கு பெல்ட்டைக் கழற்றினாலும் ஈயம் கீழே விழாமல் தொங்கும். ஜாக்கெட் காதை இடிப்பதே தேவலை.

தங்கமணி இன்னும் முறைக்கிறாங்க. தையல் மிஷின் சும்மா கிடக்குதாம்.