பரீட்சை யாருக்கு?

மரக்காணம் உப்பளக் கரையில், எக்கியார்குப்பத்துப் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லையென்றால் யார் குற்றம்? பிள்ளையின் தலையெழுத்தா? பாத்தியிலும் கடலிலும் உழலும் பெற்றோரா? இல்லை!

2021 நவம்பர் 12 அன்று தேசிய அடைவு ஆய்வு நடந்தது. 3, 5, 8, 10 ஆம் வகுப்புப் பிள்ளைகள் எழுதினர். மதிப்பெண் வழங்க அல்ல, கல்வி எங்கே பின்தங்கியது என்று அறியவே அது நடந்தது. ஆனால் அது மாதிரி ஆய்வு. மாவட்டத்தின் நிலையைச் சொல்லும். குப்பத்துப் பள்ளியின் குறையைச் சொல்லாது.

2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. 1 முதல் 3 வரை வகுப்புகளில் பிள்ளையின் நிலையறிந்து கற்பிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. இதுவே சரியான வழி.

மில்லில் நூல் அறுந்தால் தொழிலாளியை ஏசுவது முதலாளி வழக்கம். பஞ்சையும் இயந்திரத்தையும் பார்ப்பதே அறிவு. பள்ளிக்கும் அதுவே நியாயம். ஆசிரியரும் நம்மைப்போல் உழைப்பாளியே.

2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். அங்கே சென்று கேளுங்கள்: எத்தனை பிள்ளைகளுக்கு வாசிக்க வரவில்லை? ஆசிரியருக்கு எதில் பயிற்சி வேண்டும்? காலியிடம் இருந்தால் எப்போது நிரப்பப்படும்?

பரீட்சை முடிவு ஆசிரியரை அடிக்கும் சாட்டையல்ல. சர்க்காரிடம் கணக்குக் கேட்க உழைப்பாளியின் கையில் உள்ள ஆதாரம்!