தாமரை இலையும் பல்லியின் பாதமும்

“தாமரை இலைத் தண்ணீர்போல” என்னும் உவமையை அறியாத தமிழர் இலர். பற்றின்றி வாழ்தலை விளக்க அதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. ஆயினும், அந்நீர் ஏன் ஒட்டுவதில்லை என்று நாம் வினவினோமா? வவுனிக்குளத்து நீரால் வளம்பெறும் மல்லாவியிலே, குளக்கட்டு வழியே நடந்து கல்லூரிக்கு வந்த நமக்கன்றோ அவ்வினா முதலில் எழுந்திருத்தல் வேண்டும்!

விடை கண்டவர் ஜேர்மனியத் தாவரவியலறிஞர் வில்ஹெல்ம் பார்த்லொட். இலத்திரன் நுணுக்குக்காட்டியால் நோக்கியபோது, வழுவழுப்பானது என நாம் எண்ணும் இலை, நுண்ணிய மேடுகளும் அவற்றின்மேல் மெழுகுப் பளிங்குகளும் நிறைந்ததாய்க் காணப்பட்டது. நீர்த்துளி மேடுகளின் நுனியில் மாத்திரமே தங்கும். இடையிற் காற்று நிற்கும். ஆதலின் துளி உருண்டோடும். தூசியையும் உடன்கொண்டு செல்லும். 1997ஆம் ஆண்டில் அவரும் நைன்ஹூயிசும் இதனை விரித்து வெளியிட்டனர். மழையில் தானே தூய்மையுறும் சுவர்ப்பூச்சு இவ்வறிவின் பயனே.

இனிப் பல்லியை நோக்குவோம். அது சொல்லும் பலனை ஆராய்ந்த நாம், அது விட்டத்திலே தலைகீழாய் ஓடும் வகையை ஆராய்ந்திலோம். தோக்கே என்னும் பெரும்பல்லியின் ஒவ்வொரு பாதத்திலும் ஏறக்குறைய 5 இலட்சம் நுண்மயிர்கள் உள. ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான நுனிகளாய்ப் பிரியும். பசை ஏதுமில்லை, மூலக்கூறுகளுக்கிடையேயுள்ள மென்கவர்ச்சியே அதனைத் தாங்குகின்றது. மயிர் சுவரோடு அமைக்கும் கோணம் ஏறத்தாழ 30 பாகையை அடைந்ததும் பிடி விடுபடும் என்பதனைக் கெலர் ஓட்டமும் அவர்தம் குழுவினரும் 2000ஆம் ஆண்டில் அறிவித்தனர். வேண்டும்போது பற்றி, வேண்டாதபோது விடும் ஒட்டுப்பொருள்களை ஆக்குதற்கு அஃது வழிகாட்டிற்று.

இவையெல்லாம் மேனாட்டார்க்கே இயலும் என்பாரும் உளர். அவர்க்கு விடை கான்பூரில் உண்டு. அந்நகரின் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மஜூம்தார், கட்டக், சர்மா ஆகிய மூவரும், உயிரினங்களின் பாதங்களை முன்மாதிரியாய்க் கொண்டு, இறப்பர் போன்றதொரு மென்படலத்தின் உள்ளே காற்றோ எண்ணெயோ நிரம்பிய நுண்கால்வாய்களை அமைத்தனர். ஒட்டுந்திறன் ஏறத்தாழ 30 மடங்காயிற்று. 2007இல் வெளிவந்தது அவ்வாய்வு.

நம் முன்னோர்க்குக் கூர்ந்து காணும் கண் இருந்தது. குறைந்தது அடுத்த வினாவே. அவ்வினாவுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. தாமரை இலையில் ஒரு துளி நீரை விடுக. பின்னர் அவ்விடத்து மெழுகைத் துடைத்துவிட்டு மீண்டும் விடுக. வேறுபாட்டை மாணவன் தன் கண்ணாலேயே காண்பான்.

விழாக்காலத்திலே வளைவு எழுப்புதல் தவறன்று. எனினும், பழைய மாணவர் ஈயும் முதற்பணம் ஆய்வுகூடத்துக்கு நல்லதொரு நுணுக்குக்காட்டி வாங்கவே செல்லுதல் வேண்டும் என்பது என் துணிபு. 2008இல் ஊரைவிட்டுப் பெயர்ந்து பின்னர் மீண்டவர் நாம். கட்டடம் நிலையாது என்பதனை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஏன் என்று கேட்கப் பழகிய மாணவனோ, எங்குச் செல்லினும் அப்பழக்கத்தை உடன்கொண்டு செல்வான்.