முகமறி மென்பொருள் யாருக்குக் கணக்குக் காட்டும்?

தியாகராய நகரில் 2017ஆம் ஆண்டிலேயே சென்னைக் காவல்துறை முகமறி மென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்கியது. 2021இல் அத்தொழில்நுட்பம் தமிழகம் முழுவதற்கும் வந்தது. 2024 மே மாதம் அதன் இணையவாயில் ஊடுருவப்பட்டது. ஒரு கணக்கின் கடவுச்சொல் களவுபோனது என்பதே காவல்துறையின் விளக்கம்.

கேள்வி கடவுச்சொல்லோடு முடிவதில்லை. இம்மென்பொருள் முகங்களை ஒப்பிடுவது காவல்துறைப் பதிவேடுகளோடு. குற்றப்பரம்பரைச் சட்டக் காலந்தொட்டு அவற்றில் யார் பெயர் ஏறியது என்பதை நாம் அறிவோம். சிறைப் பதிவேடுகளிலிருந்து சாதிப் பத்தியை நீக்குமாறு 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

தரவுப் பாதுகாப்புச் சட்டமோ அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க ஒன்றிய அரசை அனுமதிக்கிறது. எனவே பொறுப்புடைமை மென்பொருளின் வடிவமைப்பிலேயே அமைய வேண்டும்: தேடியவர் யார், ஏன் தேடினார் என்பது அழிக்கவியலாதபடி பதிவாக வேண்டும், விடுதலையானவரின் முகம் தானாகவே நீங்க வேண்டும். இல்லையேல், பழைய பதிவேட்டின் சாதிதான் புதிய கணினியிலும் குடியேறும்.